ஆய்வகத்திலிருந்து டீப் டெக் நிறுவனம்: ஜெர்மன் பேசும் நாடுகளில் வழி எங்கே தொடங்குகிறது?

மின்பகுப்பான் (கேள்வி):

வணக்கம். ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்பகுப்புக் கலங்களில் ஒரு வகையின் நேர்மின்முனையில் இரிடியம் பூசுவது வழக்கம். உலகம் முழுவதிலும் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் குறைவாகவே எடுக்கப்படும் உலோகம் அது. அதே வேலையை மிகக் குறைந்த இரிடியத்தைக் கொண்டு செய்துவிடும் பூச்சு ஒன்றை எங்கள் குழு உருவாக்கியிருக்கிறது. உள்ளங்கை அளவுள்ள கலத்தில் 3,000 மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். மின்னழுத்தம் பெரிதாக ஏறவில்லை.

இதை ஒரு டீப் டெக் நிறுவனமாக்கலாம், அதாவது ஆய்வையே அடித்தளமாகக் கொண்ட நிறுவனமாக்கலாம் என்று ஆய்வகத்தில் ஆறு மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பத்து வாரங்களில் ஒரு மாநாடு வருகிறது. அதற்கான சுருக்கத்தை எங்கள் முனைவர் பட்ட மாணவர் எழுதி முடித்துவிட்டார். பேராசிரியரைக் கேட்டால், "முதலில் வெளியிடுவோம், நிறுவனம் தானாக வரும்" என்கிறார். பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளின் உரிமையைக் கவனிக்கும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தைக் கேட்டால், ஒரு படிவத்தை அனுப்பி, நான்கு மாதங்கள் ஆகலாம் என்கிறார்கள். சூரிச்சில் இருக்கும் நண்பரோ, "அங்கே எல்லாம் ஆமை வேகம், இங்கே வந்துவிடு" என்று அழைக்கிறார். என் ஒப்பந்தமோ இன்னும் 14 மாதங்களில் முடிகிறது.

என் கேள்வி இதுதான்: ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் ஓர் ஆய்வு முடிவு உண்மையில் எந்த வரிசையில் நிறுவனமாகிறது? பணத்தைத் தேடுவதா, காப்புரிமையைப் பார்ப்பதா, ஆள் சேர்ப்பதா, எது முதலில்? இந்தப் பாதையில் நடந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையகோப்பு (பதில்):

ஜெர்மனியில் ஒரு பரிமாற்ற அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். உங்கள் வரிசைக் கேள்விக்கு என் பதில்: இது யாருடையது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பணமும் ஆளும் அதற்குப் பின்னால்தான் வர முடியும்.

அதற்கும் முன்னால், அந்த மாநாட்டுச் சுருக்கத்தை இன்றே நிறுத்தி வையுங்கள். ஐரோப்பியக் காப்புரிமையில், நீங்களே வெளியிட்ட செய்தியும் கண்டுபிடிப்பு புதிதல்ல என்று காட்டும் முன்சான்றாக உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். அமெரிக்காவில் கிடைக்கும் ஓராண்டுச் சலுகைக் காலம் இங்கே கிடையாது. சுருக்கம் மாநாட்டின் இணையதளத்தில் ஏறிய கணமே அது வெளியீடாகிவிடுகிறது. மாநாடு நடக்கும் நாள்வரை காத்திருப்பதில்லை. ஏற்கெனவே வெளியாகிவிட்டால் ஜெர்மனியில் ஒரு சிறு மீட்பு வழி உண்டு. கெபிரவுக்ஸ்முஸ்டர் எனப்படும் பயன்பாட்டு மாதிரியை, உங்கள் சொந்த வெளியீட்டுக்குப் பிறகு ஆறு மாதங்களுக்குள் பதிவு செய்யலாம். ஆனால் அது அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கே நிற்கும், ஜெர்மனிக்குள் மட்டுமே செல்லும், செய்முறைகளுக்குப் பொருந்தாது. உங்கள் பூச்சைக் காக்கலாம். பூசும் முறையைக் காக்க முடியாது.

இனி உரிமை. 2002 வரை ஜெர்மனியில் பேராசிரியரின் கண்டுபிடிப்பு பேராசிரியருக்கே சொந்தமாக இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பணியாளர் கண்டுபிடிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு திருத்தப்பட்டு அந்தச் சலுகை நீக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கும் எவரும் கண்டுபிடிப்பை அறிவித்தாக வேண்டும். முறையான அறிவிப்பு வந்த நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பல்கலைக்கழகம் அதை உங்களுக்கு விட்டுக்கொடுக்காவிட்டால், எடுத்துக்கொண்டதாகவே பொருள். இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: நான்கு மாதம் என்பது சட்டம் தரும் வெளி எல்லை, அத்தனை நாள் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வெளியீட்டுத் திட்டத்தைப் பொதுவாக இரண்டு மாதங்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்களுக்கு இருப்பது பத்து வாரம். ஆகவே, மாநாட்டுத் தேதியைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி இந்த வாரமே கொடுத்தால், விண்ணப்பத்தை அதற்கு முன் பதிவு செய்ய அலுவலகத்துக்கு நேரம் கிடைக்கும். தேதி இல்லாத படிவங்கள் என் மேசையில் எந்த அடுக்கில் போய்ச் சேர்ந்தன என்பதை நான் சொல்லாமல் விடுவதே நல்லது.

படிவத்தில் மிகவும் ஆபத்தான பகுதி, ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்று நிரப்பும் சிறு கட்டம்தான். பேராசிரியருக்கு 40, எனக்கு 40, மீதி மாணவருக்கு என்று தேநீர் இடைவேளையில் நிரப்பிவிடுவார்கள். பின்னர் வருமானம் வந்தால், செலவைக் கழிக்காத வருவாயில் 30 விழுக்காடு கண்டுபிடிப்பாளர்களுக்கு என்பது சட்டம். அது இந்தக் கட்டத்தின்படிதான் பிரியும். (நிறுவனரே உரிமக் கட்டணம் கட்டி, அதில் ஒரு துண்டைக் கண்டுபிடிப்பாளராகத் திரும்பப் பெறும் விநோதமும் நடக்கும்.) இந்த விழுக்காடு நிறுவனத்தின் பங்கு விகிதம் ஆகாது. ஆனால் பின்னாளில் பேச்சு வார்த்தையில் எல்லோரும் இந்தக் காகிதத்தையே எடுத்து நீட்டுவார்கள்.

இன்னொன்று: உங்கள் குழுவில் முதுகலை மாணவர் எவரேனும் இருந்தாரா? ஊதிய ஒப்பந்தம் இல்லாத மாணவரும், உதவித்தொகையில் மட்டும் ஆய்வு செய்பவரும் சட்டத்தின் பார்வையில் பணியாளர்கள் அல்லர். அவர்கள் பங்கு அவர்களுக்கே சொந்தம்; பல்கலைக்கழகம் அதைத் தனி ஒப்பந்தம் எழுதித்தான் பெற முடியும். நான் பார்த்த ஒரு கோப்பில், முதலீட்டாளர் கையெழுத்திட வேண்டிய வாரத்தில்தான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்று வேறு கண்டம் போய்விட்ட மாணவி ஒருவரின் கையொப்பம் இல்லை என்பது தெரிந்தது. கையெழுத்திட அவருக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. மின்னஞ்சல் முகவரிதான் மாறியிருந்தது. ஐந்து வாரம் போயிற்று.

கடைசியாக, ஏன் இழுக்கிறார்கள் என்பது பற்றி. அலுவலகத்தில் இருப்பவர்கள் சோம்பேறிகள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையான காரணம் நிதிநிலைச் சட்டம். அரசின் சொத்தை அதன் முழு மதிப்புக்கே விற்க வேண்டும் என்று கூட்டாட்சி நிதிநிலைச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் அதையொத்த மாநிலச் சட்டங்களும் சொல்கின்றன. குறைத்துக் கொடுத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளும் குறுக்கே வரும். இன்னும் ஒரு பொருளும் விற்காத பூச்சின் முழு மதிப்பு என்ன? எவருக்கும் தெரியாது. தெரியாததற்குக் கையெழுத்திட்டுப் பின்னர் தணிக்கையில் மாட்டிக்கொள்ள எந்த ஊழியரும் விரும்புவதில்லை. ஆகவே மதிப்பீட்டுக்கு மேல் மதிப்பீடு கேட்கிறார். இதற்கு மாற்றாக, உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலாகப் பல்கலைக்கழகம் மெய்நிகர் பங்கு பெறும் முறை இப்போது பரவி வருகிறது. லைப்சிக்கில் 2019இல் தொடங்கப்பட்ட ஸ்பிரின்ட் என்னும் கூட்டாட்சி நிறுவனமும் இதற்கான மாதிரி ஒப்பந்தங்களுக்காக உழைத்திருக்கிறது. மெய்நிகர் பங்கு என்றால், நிறுவனம் விற்கப்படும்போது பங்குதாரருக்கு இணையான பணம் கிடைக்கும். வாக்குரிமை கிடையாது, பங்குதாரர் பட்டியலில் பெயரும் வராது. உங்கள் அலுவலகம் அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

லிம்மத்கரை (பதில்):

சூரிச்சிலிருந்து எழுதுகிறேன். இ.டி.எச். எனப்படும் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்த ஸ்பின்-ஆஃப் நிறுவனம் ஒன்றின் இணை நிறுவனர்களில் ஒருவன்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதிதான் உண்மை. இங்கேயும் கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்துக்கே சொந்தம், இ.டி.எச். சட்டத்தின் 36ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வேறுபாடு என்னவென்றால், பரிமாற்ற அலுவலகத்திடம் ஸ்பின்-ஆஃப் நெறிமுறை எழுத்தில் இருக்கிறது, எந்த வகை உரிமத்துக்கு என்ன எதிர்பார்ப்பார்கள் என்பது நாம் உள்ளே நுழையும் முன்பே ஏறக்குறைய தெரிந்துவிடும். நமக்கு முன்னால் போனவர்களைக் கேட்டாலும் ஒரே மாதிரியான பதில் வரும். 2023இல் மட்டும் 43 நிறுவனங்கள் இங்கிருந்து கிளம்பின. அத்தனை கோப்புகளைப் பார்த்த அலுவலகத்துக்கு நம் கோப்பு ஓர் அதிர்ச்சியாக இருப்பதில்லை.

பணம் படிப்படியாக வந்தது. முதலில் இ.டி.எச். தரும் பயனியர் ஃபெல்லோஷிப்: 1,50,000 பிராங்க், அதிகபட்சம் 18 மாதங்கள். அந்தக் காலத்தில் ஆய்வகக் கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்த முடிந்ததுதான் எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிய உதவி. எங்களிடம் இல்லாத எலக்ட்ரான் நுண்ணோக்கியை வாரம் அரை நாள் முன்பதிவு செய்துகொண்டோம். அதற்குப் பக்கத்திலேயே, தொடக்க நிறுவனங்களுக்குப் பணம் தரும் வென்ச்சர் கிக்: மூன்று சுற்று, முதலில் 10,000, பிறகு 40,000, பிறகு 1,00,000. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே வாடிக்கையாளர்களிடம் பேசிவிட்டு வரச் சொல்லி விரட்டுவார்கள். ஆய்வகத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த விரட்டல் தேவை. எங்களுடைய முதல் பத்து வாடிக்கையாளர் உரையாடல்களில், நாங்கள் மூன்று ஆண்டுகள் உழைத்து மேம்படுத்திய அளவீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எத்தனை பாகை வெப்பம் வரை தாங்கும்? உடைந்தால் யார் வருவார்கள்?" என்றே கேட்டார்கள்.

ஆனால் நீங்கள் இங்கே வந்துவிடுவதால் உரிமை உங்களோடு வந்துவிடாது. பூச்சு ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சொத்தாகவே இருக்கும். சூரிச் நிறுவனமும் அதே அலுவலகத்தின் வாசலில்தான் உரிமத்துக்கு நிற்க வேண்டும். தவிர, உங்கள் ஆய்வுக்கு அரசு நிதி வந்திருந்தால், முடிவுகளை எங்கே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியுரிமை உள்ளவர் என்றால் சுவிஸ் அனுமதியும் எளிதல்ல. அந்த நண்பர் இதையெல்லாம் சொன்னாரா?

பொறுமைமூலதனம் (பதில்):

முதலீட்டுத் தரப்பில் இருப்பதால் கொஞ்சம் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூவாயிரம் மணி நேரம் என்கிறீர்கள். மின்பகுப்பான் வாங்கும் ஆலை பல்லாயிரம் மணி நேரம் எதிர்பார்க்கிறது. உள்ளங்கைக் கலத்திலிருந்து மேசை அளவுள்ள கலங்களின் அடுக்குக்குப் போகும்போது பூச்சின் தடிமன் ஓரத்தில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் வரும். அதைச் சரிசெய்யவே இரண்டு ஆண்டு போகலாம். அந்த இரண்டு ஆண்டுக்கு யார் சம்பளம் கொடுப்பார்? ஜெர்மனியில் உங்களுக்குப் பொருந்தும் விடை எக்சிஸ்ட் ஆய்வுப் பரிமாற்றத் திட்டம். பல்கலைக்கழகங்களிலிருந்து நிறுவனம் தொடங்குவோருக்காக 1998இல் தொடங்கிய எக்சிஸ்ட் என்னும் அரசு நிதித் திட்டத்தின் கிளை அது. முதல் கட்டத்தில் நீங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சம்பளம் பெறும் குழுவாக இருப்பீர்கள், கருவி முதலான செலவுகளுக்கு 2,50,000 யூரோ வரை கிடைக்கும். நிறுவனம் பிறந்த பிறகு இரண்டாம் கட்டத்தில் 1,80,000 யூரோ வரை. குழுவில் வணிகம் தெரிந்த ஒருவரை எதிர்பார்ப்பார்கள். எக்சிஸ்ட் நிறுவனர் உதவித்தொகை என்பது வேறு: முனைவர் பட்டம் பெற்றவருக்கு மாதம் 3,000 யூரோ, ஓராண்டு. மென்பொருளுக்கு அது போதும், பூச்சுக்குப் போதாது. அதன் பிறகுதான் 2005 முதல் செயல்படும் ஹைடெக் கிருண்டர்ஃபாண்ட்ஸ் போன்ற தொடக்க நிலை முதலீட்டு நிதியங்கள் வரும்.

எவ்வளவு காலம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து 2001இல் நோவாலெட் பிறந்தது. ஓஎல்இடி திரைகளுக்கான கரிமப் பொருட்கள் அதன் தொழில். 2013இல் சாம்சங் குழுமம் அதை வாங்கியது. பன்னிரண்டு ஆண்டு. இத்தனைக்கும் அவர்கள் திரையைச் செய்யவில்லை. திரை செய்பவருக்குத் தேவையான ஒரு பொருளை மட்டும் செய்தார்கள். அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. மறுபுறம் லிலியம்: மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் 2015இல் தொடங்கியது, முழு விமானத்தையே செய்ய முனைந்தது, 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தது, கடன் உத்தரவாதம் கிடைக்காமல் 2024 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குப் போனது. திறமைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். முழுப் பொருளையும் தானே செய்பவருக்குத் தேவைப்படும் பணத்தின் அளவு இந்த நாடுகளில் கிடைப்பதைவிடப் பெரிது. நீங்கள் மின்பகுப்பான் செய்யப்போவதில்லை, பூச்சிட்ட தகட்டை விற்கப்போகிறீர்கள் என்றால் எனக்கு அந்த அளவில் நிம்மதி.

பழையகோப்பு உரிமையை முதலில் வைத்ததை வழிமொழிகிறேன். எங்கள் மேசைக்கு வரும் கோப்பில் நாங்கள் முதலில் திறப்பது பங்குதாரர் பட்டியலைத்தான். முழுநேரமாக நிறுவனத்துக்கு வராத பேராசிரியர் பெரும்பங்கை வைத்திருந்தால், இரவு பகல் உழைக்கப்போகிறவர்களுக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வி எழும். ஆலோசகராக இருக்கப்போகிறவருக்கு ஆலோசகரின் பங்கு. இதைப் பேராசிரியரிடம் சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது எனக்குத் தெரியும். நிறுவனம் பதிவான பின் சொல்வது அதைவிடச் சங்கடம். கேஎம்பேஹா எனப்படும் ஜெர்மன் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்தில் பங்கைக் கைமாற்ற நோட்டாரியல் பத்திரம் வேண்டும். நோட்டார் முழுப் பத்திரத்தையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது சட்டம். நூறு பக்க முதலீட்டு ஒப்பந்தம் வாசிக்கப்படுவதை மாலை வரை உட்கார்ந்து கேட்டவன் சொல்கிறேன், பங்கை முதல் முறையே சரியாகப் பிரித்துவிடுங்கள்.

இன்ஆற்றங்கரை (பதில்):

ஆஸ்திரியா விடுபட்டுவிட்டதால் சுருக்கமாக. இங்கே 2002ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம், 106ஆம் பிரிவு. பல்கலைக்கழகத்துக்குக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ள மூன்று மாதம். ஆரம்பப் பணத்துக்கு ஆவேஎஸ் எனப்படும் அரசு வங்கியின் முன்விதை, விதைத் திட்டங்கள் உண்டு. இன்ஸ்புருக்கில் ரைனர் பிளாட், தாமஸ் மோன்ஸ், பீட்டர் சோலர் ஆகியோர் 2018இல் தொடங்கிய அல்பைன் குவாண்டம் டெக்னாலஜிஸ், பல்கலைக்கழகமும் அறிவியல் கழகமும் சேர்ந்து வளர்த்த, குவாண்டம் கணினிக்கான அயனிப்பொறி ஆய்வு நிறுவனமானதற்கு நல்ல சான்று. 2024 ஜனவரி முதல் ஃப்ளெக்ஸ்கோ என்ற புதிய நிறுவன வடிவமும் வந்திருக்கிறது: மூலதனம் 10,000 யூரோ போதும், பங்குக் கைமாற்றத்தில் நோட்டார் கெடுபிடி குறைவு, பணியாளர்களுக்கு வாக்குரிமையற்ற பங்கு தரலாம். ஜெர்மன் கேஎம்பேஹாவுக்கு 25,000 யூரோ. ஆனால் வடிவத்துக்காக நாடு மாற வேண்டியதில்லை.

மின்பகுப்பான்:

அனைவருக்கும் நன்றி. சுருக்கத்தை நிறுத்திவிட்டோம், மாணவருக்கு வருத்தம்தான். பழையகோப்பு அவர்களின் கேள்வி நெஞ்சில் தைத்தது: பூச்சின் முதல் வாய்ப்பாட்டை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதியது, ஊதியமில்லாமல் ஆய்வேடு செய்த முதுகலை மாணவர் ஒருவர். அவர் இப்போது வேறு நகரத்தில் வேலையில் இருக்கிறார். பூசும் கருவியின் செலவில் ஒரு பகுதியை ஒரு தொழில் நிறுவனம் கொடுத்திருந்தது என்பதும் இன்று பழைய ஒப்பந்தத்தைத் தேடியபோதுதான் தெரிந்தது. இரண்டு ஐயங்கள்: அந்த நிறுவனத்துக்கு ஏதும் உரிமை வருமா? என் ஒப்பந்தத்தோடு என் தங்கும் அனுமதியும் முடிகிறது. நிறுவனராக இங்கே இருக்க முடியுமா?

பழையகோப்பு:

முதல் ஐயத்துக்கு ஒப்பந்தத்தில் "முடிவுகள்" என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்தியைப் பாருங்கள். கருவிக்கு மட்டும் பணம் கொடுத்தார்களா, ஆய்வுத் திட்டத்துக்கே கொடுத்தார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திட்டத்துக்கு என்றால் முன்வாங்கும் உரிமையோ தனியுரிமமோ அவர்களுக்கு எழுதப்பட்டிருக்கலாம். அதை நீங்களே விளக்கிக்கொள்ளாமல், படிவத்தோடு ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். மறைத்தால் பின்னர் முதலீட்டாளர் கண்டுபிடிப்பார்.

இரண்டாவது: தங்கும் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் 2அ என்ற உட்பிரிவு, ஜெர்மனியில் பட்டம் பெற்றவர்களுக்கும் ஆய்வாளர் அனுமதியில் இருப்பவர்களுக்கும் சொந்தத் தொழில் அனுமதிக்கு இடம் தருகிறது, தொழில் அவர்களின் படிப்போடோ ஆய்வோடோ தொடர்புடையதாக இருக்க வேண்டும். உங்கள் தொழில் அப்படித்தான் இருக்கிறது. எக்சிஸ்ட் முதல் கட்டம் கிடைத்தால் நீங்கள் சம்பளப் பணியாளராகவே தொடர்வதால், இந்தக் கேள்வி ஒத்திப்போகும். ஆனால் விண்ணப்பம், மதிப்பீடு, முடிவு என்று மாதங்கள் ஓடும். 14 மாதம் நீளமாகத் தோன்றும். அதில் முதல் நான்கை இப்போதே கழித்துவிடுங்கள்.

அந்த முதுகலை மாணவருக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். அலுவலகம் எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அலுவலகத்தின் கடிதம் வழக்கறிஞரின் கடிதம் போலிருக்கும், உங்களுடையது அப்படி இருக்காது.

மின்பகுப்பான்:

எழுதிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "அந்தப் பூச்சு இன்னுமா உரியாமல் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை நால்வரும் பேராசிரியரின் அறையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பப்போகிறோம்.